கண்ணாடிக்குள் நிற்கும் வேல்: கையால் செய்யும் ஹோலோகிராம் எது, எது இல்லை?

ஈப்போ வட்டாரத்தில் தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் சாமி அறையில் ஒரு பழைய படம் இருப்பதுண்டு. நேராக நின்று பார்த்தால் முருகன் தெரிவார். இரண்டடி நகர்ந்தால் அதே சட்டத்துக்குள் சிவன் வந்துவிடுவார். சில படங்களில் மயில் முன்னால் வந்து நிற்பதுபோலவும் கோபுரம் தூரத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். விரல் நகத்தால் தேய்த்தால் "கிர்... கிர்..." என்று சத்தம் கேட்கும். குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசம் நடக்கும்போது தற்காலிகக் கடைகளில் இதுபோன்ற படங்களைப் பலர் வாங்கியிருப்பார்கள்.

இப்போது இந்தப் படத்தைச் சிலர் 'ஹோலோகிராம்' என்று அழைக்கிறார்கள். பழைய பொருள் சேகரிப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லி விலை பேசுவதும் நடக்கிறது. ஆனால் அது ஹோலோகிராம் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வரிசையாக அமைந்த நுண்ணிய வரிவில்லைகளும், அவற்றின் அடியில் துண்டு துண்டாக வெட்டி அச்சிட்ட இரண்டு மூன்று படங்களும் சேர்ந்ததுதான் அது. நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து வில்லை ஒரு துண்டைக் காட்டி மற்றதை மறைக்கிறது. நகத்தில் தட்டுப்படும் வரிகள் அந்த வில்லைகளே. 1960, 70களில் உலகெங்கும் விற்பனையான இந்தப் படத்துக்கு அதற்கே உரிய அழகும் நினைவு மதிப்பும் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அது அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் தயாரான பொருள்.

உண்மையான கைவினை ஹோலோகிராம் வேறு. இருட்டறையில், ஒரு கண்ணாடித் தகட்டின் மேல், ஒரு கலைஞர் மணிக்கணக்கில் உழைத்து உருவாக்குவது அது. அணைத்து வைத்தால் வெறும் கறுத்த கண்ணாடி. சரியான கோணத்தில் ஒரு விளக்கைக் காட்டினால் அதன் பின்னால், சில சமயம் முன்னாலேயே, ஒரு பொருள் அந்தரத்தில் நிற்கும். தலையை இடப்பக்கம் சாய்த்தால் அந்தப் பொருளின் இடப்பக்கம் தெரியும். எட்டிப் பார்த்தால் பின்னால் மறைந்திருந்தது தெரியும். கை நீட்டினால் எதுவும் அகப்படாது.

சட்டைப்பையில் இருக்கும் ஹோலோகிராம்

மலேசியர் எவரும் ஹோலோகிராம் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. 2005 முதல் சுகாதார அமைச்சு மருந்துப் பெட்டிகளில் 'மெடிடேக்' என்ற மினுமினுக்கும் பாதுகாப்பு வில்லையை ஒட்டவைத்தது. போலி மருந்தை அடையாளம் காண்பதற்காக வந்தது அது. இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் முதியவர்கள் அனைவருக்கும் அந்தப் பளபளப்பு பழக்கமானதுதான். விசா அட்டையில் சிறகடிக்கும் வெள்ளிப் புறாவும் இதே வகை. 1980களின் தொடக்கத்தில் கடன் அட்டைகளில் ஹோலோகிராம் வந்தது. 1984 மார்ச் மாதம் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழ் அட்டையில் ஒரு கழுகை ஹோலோகிராமாகவே அச்சிட்டு, உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது.

இவை உண்மையான ஹோலோகிராம்கள்தாம். ஆனால் கையால் செய்தவை அல்ல. ஒரு மூலத் தகட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைப் பிளாஸ்டிக் தாளில் அழுத்தி, அலுமினியப் பூச்சு போட்டுக் கோடிக்கணக்கில் தயாரிக்கிறார்கள். முறுக்குக் குழலின் அச்சுபோல, ஒன்று செய்தால் எத்தனை வேண்டுமானாலும் பிழியலாம். அதனால்தான் மலிவு.

மேடை நிகழ்ச்சிகளில் மறைந்த பாடகர் தோன்றிப் பாடுவதையும், 2014 இந்தியத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றியதையும் ஊடகங்கள் ஹோலோகிராம் என்றே எழுதின. அது இன்னொரு வித்தை. 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் சாய்வாகக் கண்ணாடி வைத்துப் பேயைக் காட்டிய அதே உத்தி. கண்ணாடிக்குப் பதில் இன்று மெல்லிய பிளாஸ்டிக் திரை. இரவில் விரைவுப் பேருந்தின் சன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளியே இருட்டில் மிதப்பதுபோல் தெரியுமே, அதுவேதான். பேரங்காடிகளில் சுழலும் விளக்குப் பட்டைகள் காட்டும் காலணியும் கைப்பேசியும்கூட ஹோலோகிராம் அல்ல. வேகமாகச் சுழலும்போது கண் ஏமாறுகிறது, அவ்வளவே.

அலையைப் பதிவு செய்வது

சாதாரணப் புகைப்படம், ஒளி எவ்வளவு பிரகாசமாக வந்தது என்பதை மட்டும் பதிவு செய்யும். அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரம் கடந்து வந்தது என்பதை விட்டுவிடும். அந்த விடுபட்ட பாதியையும் சேர்த்துப் பிடிக்க முடியும் என்று 1947-இல் சொன்னவர் ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய டெனிஸ் காபர். 'முழுமை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் தம் கண்டுபிடிப்புக்குப் பெயர் வைத்தார். அப்போது அதற்கேற்ற ஒளி இல்லை. 1960-இல் லேசர் வந்த பிறகுதான் கருத்து கைகூடியது. 1971-இல் காபருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய ஈயக்குட்டையின் அமைதியான நீரில் இரண்டு கல்லை அருகருகே போட்டால் இரண்டு வட்ட அலைகள் கிளம்பும். அவை சந்திக்கும் இடத்தில் சில இடம் மேடாகும், சில இடம் அசையாமல் நிற்கும். அந்த நொடியில் குட்டை உறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்த மேடுபள்ளத்தைப் பார்த்தே கற்கள் எங்கே விழுந்தன என்று கணக்கிடலாம். ஹோலோகிராம் தகடு செய்வது இதுதான். ஒரு அலை லேசரிலிருந்து நேராக வருகிறது. இன்னொன்று பொருளின் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. இரண்டும் கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய பசைக்குள் சந்தித்து, கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக உறைகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத், ஜூரிஸ் உபட்னியெக்ஸ் இருவரும் 1964-இல் ஒரு பொம்மை ரயிலை இப்படிப் பதிவு செய்து காட்டியபோது அறிவியலாளர்களே தகட்டின் பின்னால் போய் ரயில் எங்கே என்று தேடினார்களாம். ஆனால் அந்த வகையைப் பார்க்கவும் லேசர் வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டக்கூடிய ஹோலோகிராமுக்கு வழி காட்டியவர் சோவியத் யூனியனின் லெனின்கிராடைச் சேர்ந்த யூரி டெனிசியுக். 1962-இல் அவர் வெளியிட்ட முறையில் சாதாரண விளக்கே போதும். இன்றும் கைவினைக் கலைஞர்களில் பெரும்பாலோர் தொடங்குவது அவருடைய முறையில்தான்.

மணல், லாரி டியூப், நள்ளிரவு

டெனிசியுக் முறை சொல்வதற்கு எளிது. இருட்டறையில் லேசர் கதிரை ஒரு வில்லையால் விரித்து விடுகிறார்கள். அது கண்ணாடித் தகட்டின் ஊடே போய், பின்னால் வைத்திருக்கும் பொருளைத் தொடுகிறது. உதாரணத்துக்கு, ஒரு சிறிய வெண்கல வேல் என்று வைத்துக்கொள்வோம். வேலில் பட்ட ஒளி திரும்பித் தகட்டுக்கே வருகிறது. போகும் அலையும் வரும் அலையும் பசைக்குள் மோதுகின்றன. அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்தாயிரம் அடுக்குகள் அடங்கும் அளவுக்கு நெருக்கமாக, மெல்லிய தளங்கள் பதிவாகின்றன. தகட்டைக் கழுவி உலர்த்திய பிறகு அந்தத் தளங்கள் நுண்ணிய கண்ணாடிகளைப்போல் செயல்பட்டு, விளக்கின் வெள்ளை ஒளியிலிருந்து தங்களுக்குப் பொருந்தும் ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, வேலிலிருந்து வந்த அதே திசையில் திருப்பி அனுப்புகின்றன. நம் கண்ணுக்கு வேல் அங்கேயே இருக்கிறது.

செய்வதுதான் கடினம். பதிவு நடக்கும் சில நொடிகளில், சில சமயம் சில நிமிடங்களில், பொருளோ தகடோ அசையக்கூடாது. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அசைந்தாலே படம் மங்கிவிடும். தெருவில் லாரி போனால் கெட்டுவிடும். பக்கத்து அறையில் குளிர்பதனப் பெட்டி உறுமினால் கெட்டுவிடும். யாராவது பேசினால் அந்தக் குரலின் காற்றதிர்வே போதும். பொருளைக் கையால் தொட்டு வைத்த பிறகு, கையின் சூட்டில் விரிந்த உலோகம் பழைய நிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கலைஞர்கள் ஊர் அடங்கிய பிறகே வேலை செய்கிறார்கள். விடியற்காலைப் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு அந்த நேரத்தின் அமைதி தெரியும்.

ஆய்வுக்கூடங்களில் இந்த அசைவைத் தடுக்கப் பல டன் எடையுள்ள கருங்கல், எஃகு மேசைகளைப் பயன்படுத்தினார்கள். அந்தச் செலவில் எந்தக் கலைஞனும் ஹோலோகிராம் செய்ய முடியாது. 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் லாய்ட் கிராஸ் என்ற இயற்பியலாளரும் ஜெரி பெத்திக் என்ற சிற்பியும் அதற்கு ஒரு மலிவான வழி கண்டார்கள். ஒரு பெரிய மரப்பெட்டி நிறைய மணல். பெட்டிக்கு அடியில் காற்றடித்த ரப்பர் டியூப்கள். கண்ணாடிகளையும் வில்லைகளையும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளில் ஒட்டி மணலில் குத்தி நிறுத்திவிடுவார்கள். தரையின் அதிர்வை டியூப் விழுங்கிக்கொள்ளும், மிச்சத்தை மணல் அடக்கிவிடும். அவர்கள் நடத்திய பள்ளியில் கற்றவர்கள் நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் இதே மணல்பெட்டியை அமைத்துக்கொண்டார்கள். ஹோலோகிராம் கலை, பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து சாதாரண மனிதர்களின் வீட்டுக்கு இறங்கி வந்தது ரப்பர் டியூப்களின் மேல் மிதந்துதான். பேராக்கின் பால்மரங்கள் உலகின் சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். இப்படியும் ஒரு பயன் இருந்ததைத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாலை கறுக்கும், வேல் ஒளிரும்

இந்த முறைக்குச் சில விசித்திரமான கட்டுப்பாடுகள் உண்டு. வேலுக்கு ஒரு மல்லிகைச் சரம் சூட்டிப் பதிவு செய்தால் வேல் துலக்கமாக வரும். மல்லிகை இருந்த இடம் கறுத்துப்போகும். பறித்த பூ நம் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக வாடித் தொய்கிறது. லேசருக்கு அது பெரிய ஆட்டம். துணி, இலை, தாள், மயிலிறகு எல்லாம் இப்படித்தான். உயிருள்ள மனிதரைப் பதிவு செய்ய, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்னி மறையும் வேறு வகை லேசர் வேண்டும். அது பெருஞ்செலவு.

இன்னொன்று, அளவு. புகைப்படத்தைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். டெனிசியுக் முறையில் முடியாது. பொருள் என்ன அளவோ படமும் அதே அளவு. நான்கு அங்குல வேலுக்கு நான்கு அங்குலத்தைவிடப் பெரிய கண்ணாடி வேண்டும். அதனால்தான் ஹோலோகிராம் கலைஞர்கள் கைக்கடிகாரம், நாணயம், சிப்பி, சிறு சிலை என்று தேடிப்போகிறார்கள்.

தகடு உடைந்தால்? இது பலரையும் வியக்க வைக்கும் விஷயம். பொருளிலிருந்து வரும் ஒளி தகட்டின் எல்லா இடத்திலும் விழுவதால், ஒவ்வொரு துண்டிலும் வேல் தெரியும். சன்னலின் பெரும்பகுதியைத் தாளால் மறைத்துவிட்டு மிச்சமுள்ள ஓட்டை வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பதுபோல. தோட்டம் குறையாது, பார்க்கும் கோணம்தான் குறையும். அதற்காக உடைந்த தகட்டை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

நிறம் தனிக் கலை. சிவப்பு லேசரில் பதிவு செய்த தகடு, கழுவி உலரும்போது பசை சுருங்குவதால் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும். கலைஞர்கள் இந்தக் குறையையே தூரிகையாக்கிக்கொண்டார்கள். பசையை வேண்டுமென்றே ஊற வைத்து, உப்பச் செய்து, ஒரே தகட்டில் பல முறை பதிவு செய்து, ஒரே சிவப்பு லேசரைக் கொண்டு பல நிறம் கொண்டுவந்தார்கள். சமையலில் கைப்பக்குவம் என்பார்களே, அதுபோல இது ஏட்டில் முழுதாக எழுத முடியாத அறிவு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று லேசர்களைக் கொண்டு அசல் நிறத்திலேயே எடுக்கும் முறையும் இன்று இருக்கிறது. கிரேக்க நாட்டு ஹோலோகிராம் நிறுவனம் ஒன்று 2015-இல் ரஷ்யாவின் புகழ்பெற்ற ஃபாபெர்ஷே நகை முட்டைகளை அப்படிப் பதிவு செய்தது. அசலையும் படத்தையும் பிரித்தறிவது பார்த்தவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

ஊட்டியிலிருந்து சிட்னிக்கு

இந்தத் துறையில் ஒரு தென்னிந்தியப் பெயரும் உண்டு. பரமேஸ்வரன் ஹரிஹரன். நீலகிரியில், ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர். கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களுக்கும் மருத்துவமனை எக்ஸ்ரேக்கும் சுருள் தயாரித்த அதே ஊட்டித் தொழிற்சாலைதான். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1970களில் ஆஸ்திரேலியாவின் அரசாங்க ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் சேர்ந்து சிட்னிக்குப் போனார்.

ஹோலோகிராம் தகட்டைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளித் துகள் கறுத்துவிடும். அது ஒளியைத் தின்று படத்தை மங்கலாக்கும். அந்தக் கறுப்பை ஒளி புகக்கூடிய பொருளாக மாற்ற வெளுக்க வேண்டும். வெளுத்தால் படத்தில் பால்போல ஒரு புகை படரும். இந்தப் புகையைக் குறைப்பது எப்படி என்று ஹரிஹரனும் அவருடைய சகாக்களும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது. 1977-இல் சாதாரண வெள்ளை விளக்கில் பல நிறத்தில் தெரியும் ஹோலோகிராம் செய்யும் வழியையும் அவர் குழு வெளியிட்டது. 1984-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவருடைய 'ஆப்டிகல் ஹோலோகிராஃபி' என்ற நூல் மாணவர்களுக்கும் கலைஞர்களுக்கும் பாடப்புத்தகமாகவே ஆனது. அந்த ஊட்டித் தொழிற்சாலை பின்னர் நலிந்து மூடப்பட்டுவிட்டது.

சென்னை ஐஐடியிலும் பேராசிரியர் சிரோகியின் வழிகாட்டுதலில் ஹோலோகிராம் ஆய்வு பல ஆண்டுகள் நடந்தது. அங்கே நோக்கம் கலை அல்ல. இயந்திரப் பாகம் எங்கே வளைகிறது, எங்கே விரிசல் விடப்போகிறது என்று கண்டறிவது. அசைந்தால் கெட்டுப்போகும் என்ற அதே குறையைத்தான் அவர்கள் அளவுகோலாக்கினார்கள்.

சேகரிப்பவர்கள் பார்ப்பது என்ன?

ஹோலோகிராமைக் கலையாக முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் மார்கரெட் பென்யன் என்ற ஆங்கில ஓவியர். 1968-லேயே தொடங்கிவிட்டார். 1972-இல் சல்வடோர் டாலி நியூயார்க்கில் ஹோலோகிராம் கண்காட்சி நடத்தினார். 1976-இல் அதே நகரில் ஹோலோகிராமுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அது பணமில்லாமல் 1992-இல் மூடப்பட்டது. சேகரிப்பு முழுவதையும் எம்ஐடி பல்கலைக்கழக அருங்காட்சியகம் மறு ஆண்டு வாங்கிக்கொண்டது. கடன் அட்டையிலும் பற்பசைப் பெட்டியிலும் ஹோலோகிராம் மலிந்துபோன பிறகு, கலைச் சந்தை அதை விளையாட்டுப் பொருளாகவே நினைத்தது. நியாயமில்லாத தீர்ப்புதான். அச்சில் வந்த முருகன் படத்தைப் பார்த்துவிட்டு, கையால் தீட்டிய தஞ்சாவூர் ஓவியத்தையும் மலிவு என்று சொல்வதுபோல. அண்மையில் பார்வை சற்று மாறியிருக்கிறது. 2024-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகம் லூயிஸ் பூர்ஷுவா போன்ற பெரும் கலைஞர்கள் 1990களில் செய்த ஹோலோகிராம்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

கையால் செய்த ஒன்றை வாங்குபவர்கள் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பொருளை நேரடியாகப் பதிவு செய்த தகடா, அல்லது மூலத்திலிருந்து எடுத்த படியா? படி என்றால் மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது? கலைஞரின் கையெழுத்து உண்டா? கண்ணாடியா, பிளாஸ்டிக் சுருளா? கண்ணாடி என்றால் மதிப்பு அதிகம். அது வளையாது, சுருங்காது, படமும் நெளியாது. பொருளுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம், பின்னால் கறுப்பு பூசிய விதம், படத்தின் ஓரம் வரை தெளிவு இருக்கிறதா என்பதும் விலையைத் தீர்மானிக்கும்.

இந்தக் கலையின் உண்மையான ஆபத்து சந்தை அல்ல, தகடுதான். ஒரு காலத்தில் பெல்ஜியத்தின் ஆக்ஃபா நிறுவனம் உலகக் கலைஞர்களுக்கெல்லாம் ஹோலோகிராம் தகடு கொடுத்தது. 1990களில் நிறுத்திவிட்டது. ரஷ்யாவின் ஸ்லாவிச் போன்ற ஒன்றிரண்டு இடங்களையே பலர் நம்ப வேண்டியதாயிற்று. சாதாரணப் புகைப்படத் துகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிறிய துகள் அதற்கு வேண்டும். அதைத் தயாரிக்கத் தெரிந்தவர் குறைந்துகொண்டே போகிறார்கள். சில கலைஞர்கள் தாங்களே கண்ணாடியில் பசை காய்ச்சிப் பூசத் தொடங்கிவிட்டார்கள்.

தோட்டத்துப் பொருள்களும் ஒரு கேள்வியும்

சோவியத் அருங்காட்சியகங்கள் டெனிசியுக் முறையை ஒரு குறிப்பான காரணத்துக்காகப் பயன்படுத்தின. அரிய பொன் நகைகளையும் பழம்பொருள்களையும் ஊர் ஊராக எடுத்துச்செல்ல முடியாது. அவற்றின் ஹோலோகிராம்களை அனுப்பலாம். ஆஸ்திரேலியக் கலைஞர் பாலா டாசன் 1980-ஐ ஒட்டி இன்னும் ஒரு படி போனார். ஒரு வீட்டு வரவேற்பறையை முழுதாக அமைத்து, அந்த அறையையே ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தார். ஆள் இல்லாத அறை. நாற்காலிகள் இருக்கின்றன. எட்டிப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது.

பேராக்கின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படைப்பைப் பற்றிக் கேட்கும்போது மனத்தில் வேறு ஒரு அறை வரலாம். பால்மரம் செம்பனையாகி, லயங்கள் இடிக்கப்பட்டு, தோட்டம் துண்டாடப்பட்டபோது, பள்ளிக்கும் கோயிலுக்கும் வேறு இடம் கேட்டுப் போராடியவர்கள் உண்டு. பால் மங்குக்கும் பால்வெட்டும் கத்திக்கும் யாரும் இடம் கேட்கவில்லை. பித்தளைத் தூக்குச்சட்டி பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. தோட்டத்துக் கோயிலின் சின்ன வேல், சூலம், மணி சில ஊர்களில் புதிய கோயிலுக்கு வந்தன, சில ஊர்களில் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. இருக்கிறவையும் பல குடும்பங்களில் ஒரே ஒரு பொருள். அண்ணன் வீட்டில் இருந்தால் தங்கை வீட்டில் இல்லை.

கவனித்தால், ஹோலோகிராமுக்கு மிகவும் தோதானவை இவைதாம். வாடாத, தொய்யாத, கையளவுப் பொருள்கள். பளபளப்பாகத் தேய்ந்த உலோகம். உள்ளங்கை அகலப் பீங்கான் மங்கு. பதிவாகும் அளவும் அசல் அளவே. முன்பு இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. இப்போது லிட்டிஹோலோ போன்ற அமெரிக்க நிறுவனங்கள், கழுவவே வேண்டாத பசை பூசிய சிறு கண்ணாடித் தகடும் சிறிய சிவப்பு லேசரும் கொண்ட பெட்டியைப் பள்ளி மாணவர்களுக்காக விற்கின்றன. இரண்டுக்கு மூன்று அங்குலத் தகடு. அதில் ஒரு நாணயமோ, சிறு வேலோ அடங்கும். கத்தி அடங்காது. கூர்மையும் அருங்காட்சியகத் தரத்தில் இருக்காது. புகைப்படமோ காணொளியோ எடுப்பதைவிட இது சிரமம் என்பதும் உண்மை. ஆனால் தாத்தா பிடித்த பிடியில் தேய்ந்த இடத்தை, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேரன் தேடிப் பார்க்கும் வசதி புகைப்படத்தில் இல்லை.

லேசர் இல்லாமலும் ஒன்று

லேசர், இருட்டறை எதுவும் இல்லாமல் வெயிலில் பார்க்கக்கூடிய ஒரு கைவினை ஹோலோகிராமும் உண்டு. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்தால், கீறல்களில் ஒளிக்கோடுகள் ஓடும். தட்டை அசைத்தால் அந்தக் கோடுகளும் நகரும். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பீட்டி இதேபோல ஒரு கறுப்புக் காரின் மேல் துடைத்த கீறல்கள் உலோகத்துக்குள்ளே ஆழத்தில் மிதப்பதைக் கண்டு, 1990களில் அதை ஒரு வரையும் முறையாக்கினார்.

வேண்டியது பழைய சிடி பெட்டியின் மூடி, கவராயம் ஒன்று. கவராயத்தின் பென்சிலுக்குப் பதில் இன்னொரு ஊசி முனையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். தாளில் ஒரு எழுத்தைப் புள்ளிகளால் எழுதி, மூடியின் கீழ்ப்பகுதியில் ஒட்ட வேண்டும். கவராயத்தை ஒரே அளவில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முனையை ஒவ்வொரு புள்ளியிலும் ஊன்றி, மறுமுனையால் மூடியின் மேற்பகுதியில் மெல்லிய வில்போல ஒரு கீறல். அழுத்தக் கூடாது. அழுத்தினால் பள்ளம் விழுந்து ஒளி சிதறிவிடும். எல்லாப் புள்ளிக்கும் கீறி முடித்து, கறுப்புத் தாளின் மேல் வைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து மூடிக்கு உள்ளே ஆழத்தில் நிற்கும். இடக்கண்ணுக்கு ஒவ்வொரு வில்லிலும் ஒரு இடத்தில் மினுக்குகிறது, வலக்கண்ணுக்குச் சற்றுத் தள்ளி மினுக்குகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் என்று புரிந்துகொள்கிறது. கவராயத்தை அகலமாகத் திறந்தால் எழுத்து இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இந்த எளிய முறைக்கும் சேகரிப்பாளர் உண்டு. டிரிஸ்டன் டியூக் என்ற அமெரிக்கக் கலைஞர் 2014-இல் ஜாக் வைட் என்ற பாடகரின் இசைத்தட்டில் இப்படிக் கையால் வரைந்த ஒரு தேவதையைச் செதுக்கினார். தட்டு சுழலும்போது அதன் மேல் தேவதை மிதந்து சுற்றும். பாட்டுக்காக வாங்கியவர்களும் தேவதைக்காக வாங்கியவர்களும் இருந்தார்கள்.

பேராக் ஈரத்தில் பாதுகாப்பது

கண்ணாடி ஹோலோகிராம் ஒன்று எப்படியோ கைக்கு வந்துவிட்டால், இங்குள்ள முதல் எதிரி ஈரம். தகட்டில் உள்ள பசை, எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் மழைக்காலத்தில் புகைப்பட ஆல்பத்தில் பூஞ்சை பிடிப்பதுபோல இதிலும் பிடிக்கும். ஈரம் குடித்தால் பசை உப்பி நிறம் மாறும். பொன்னிறமாக ஒளிரும் ஒரு வகை ஹோலோகிராம் பதக்கங்கள் 1980களில் உலகெங்கும் விற்றன. அவற்றை இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டி அடைத்திருப்பார்கள். அந்த ஒட்டு விட்டால் ஓரத்திலிருந்து படம் அழிந்துகொண்டே வரும், திரும்ப வராது. பசை இருக்கும் பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

அடுத்தது விளக்கு. கூடத்தில் டியூப் லைட் மட்டும் எரிந்தால் ஹோலோகிராமில் ஒன்றும் தெரியாது, அல்லது கலங்கித் தெரியும். ஒளி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். மேலிருந்து சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில், ஒற்றை எல்இடி ஸ்பாட் விளக்கு போதும். கைப்பேசி விளக்கை உயரே பிடித்தாலும் தெரியும். பழைய பொருள் கடையில் 'வெறும் கறுப்புக் கண்ணாடி' என்று ஒதுக்கி வைத்திருக்கும் எதையும் ஒருமுறை அப்படிச் சாய்த்துப் பார்ப்பது நல்லது. நகத்தால் தேய்க்க வேண்டாம். வரி தட்டுப்படுகிறதா என்று சோதிக்கும் அந்தப் பழைய பழக்கம் சாமி அறைப் படத்துக்குச் சரி, ஜெலட்டின் தகட்டுக்கு ஆகாது.